பட்டறைப் பதில்கள்: கிட்டாருக்குச் சாயமும் எண்ணெயும்

போன இதழில், எலெக்ட்ரிக் கிட்டாரின் பாடியை, அதாவது உடல்பலகையை, வீட்டிலேயே வெட்டி, ஓரம் உருட்டி, தேய்த்து முடிப்பது வரை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி நிறத்தைப் பற்றித்தான். மரத்தை அறுக்கும்போது வராத பயம், சாயத்துணியைக் கையில் எடுத்ததும் பலருக்கு வந்துவிடுகிறது. நியாயமான பயம்தான். பெயிண்ட் அடித்தால் அடியில் இருப்பது மறைந்துபோகும். சாயமும் எண்ணெயும் நம் கைவேலை எதையும் மறைக்காது. ஆகவே இந்த முறை எல்லாப் பதில்களும் இதைப் பற்றியே.

ஐயா, ஆஷ் மரத்தில் இரண்டு பலகைகளை நடுவில் ஒட்டிப் பாடி செய்தேன். 400 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, கண்ணாடி போல வழவழப்பாக்கிவிட்டு அடர்பழுப்புச் சாயம் பூசினேன். ஒட்டின் ஓரமாகக் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய திட்டுகள். முகப்பில் நிறம் சரியாகவே பிடிக்கவில்லை. பாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பின் நுனியும் அடிப்பக்கமும் கிட்டத்தட்டக் கறுப்பு. நான் வாங்கிய சாயம் மட்டமானதா?

சாயத்தின் மேல் குற்றமில்லை. நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் மூன்று காரணங்கள்.

வெளிறிய திட்டு, பசை. கிளாம்ப் போட்டு இறுக்கியபோது பிதுங்கி வந்த பசையை ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். அந்த ஈரத்தில் கரைந்த பசை, மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது. காய்ந்த பிறகு கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தட்டுப்படாது. சாயம் மட்டும் கண்டுபிடித்துவிடும். அடுத்த முறை பிதுங்கிய பசையைத் தொடாதீர்கள். ரப்பர் பதத்துக்கு வரும்வரை விட்டு, கூரான உளியால் சீவி எடுத்துவிடுங்கள்.

இதைச் சாயத்துக்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நான் ஒவ்வொரு பாடிக்கும் தவறாமல் செய்வது. அறையின் மேல்விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மினரல் டர்பென்டைனில் நனைத்த துணியால் பாடியை ஒருமுறை முழுக்கத் தடவுங்கள். நனைந்த மரம் சட்டென்று கருத்து, ரேகைகள் எழுந்து வரும். பசை குடித்த இடம் மட்டும் நனையாதது போல வெளுத்து நிற்கும். ரேகைக்குக் குறுக்கே விழுந்த கீறல்களும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். டர்பென்டைன் தண்ணீரைப் போல இழையைக் கிளப்பாது. சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். பென்சிலால் அந்த இடங்களை மெல்ல வட்டமிட்டு, காய்ந்ததும் தேய்த்து எடுங்கள்.

இரண்டாவது, 400 நம்பர் தாள். அவ்வளவு நைசாகத் தேய்த்தால் மரத்தின் மேல்முகம் மெருகேறி, சாயம் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போகிறது. சாயத்துக்கு முன் ஆஷ் மரத்தில் 180, மேப்பிள், ஆல்டர் போன்ற நெருக்கமான மரத்தில் 220, அதோடு நிறுத்துங்கள். வழவழப்பை எண்ணெய் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, கறுத்துப்போன நுனிகள். அங்கே மரம் குறுக்காக வெட்டுப்பட்டு, அதன் குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கின்றன. உறிஞ்சுகுழல் கட்டு ஒன்றை நிமிர்த்தி வைத்தது போல. முகப்பைவிடப் பல மடங்கு சாயத்தை அது குடிக்கும். எனவே அந்தப் பக்கங்களை மட்டும் 320 வரை தேய்த்து, சாயம் பூசுவதற்குச் சற்று முன் வெறும் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். தாகம் கொஞ்சம் அடங்கிய பிறகு சாயம் அளவாக இறங்கும்.

உங்கள் பாடியைக் காப்பாற்றலாம். 120 நம்பர் தாளில் தொடங்கித் திரும்பத் தேயுங்கள். ஆனால் திட்டு உள்ள இடத்தை மட்டும் தேய்க்க வேண்டாம்; அது குழியாகும், நிறமும் தனியாகத் தெரியும். முகப்பு முழுவதையும் ஓரம் முதல் ஓரம் வரை எடுங்கள். ஆஷ் மரத்தின் ஆழமான துளைகளில் பழைய சாயம் கொஞ்சம் தங்கும். அதே அடர்பழுப்பைத்தானே மறுபடி பூசப்போகிறீர்கள், அது ரேகைக்கு அழகாகவே இருக்கும்.

தண்ணீரில் கரையும் சாயமா, ஸ்பிரிட்டில் கரையும் சாயமா? கடையில் கிடைக்கும் வுட் ஸ்டெயின் இரண்டிலிருந்தும் வேறா?

முதல் கிட்டார் என்றால் தண்ணீர்ச் சாயம். யோசிக்கவே வேண்டாம். ஸ்பிரிட் சாயம் நொடியில் காய்ந்துவிடும். ஒரு பட்டையை இழுத்து அடுத்ததைத் தொடுவதற்குள் முதல் பட்டையின் ஓரம் உலர்ந்து, இரண்டும் சேரும் இடத்தில் கோடு விழும். தண்ணீர்ச் சாயம் உங்களுக்கு அவகாசம் தரும். பொதுவாக வெளிச்சத்தையும் அதிக நாள் தாங்கும்.

அதன் தொல்லை ஒன்றுதான். தண்ணீர் பட்டதும் மரத்தின் இழைகள் எழுந்து, தாடி மழித்த மறுநாள் கன்னம் போல சொரசொரப்பாகும். அதை முன்கூட்டியே எழுப்பி அடக்கிவிட வேண்டும். கடைசித் தேய்ப்பு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, 220 தாளை அழுத்தமே இல்லாமல் ஓட்டுங்கள். எழுந்த முடிகளை மட்டும் வெட்டினால் போதும். நான் இதை இரண்டு முறை செய்வேன்.

வுட் ஸ்டெயின் என்று டப்பாவில் வருவதில் பெரும்பாலும் நிறமித் தூள் இருக்கும். அது கரைவதில்லை, மரத்தின் துளைகளிலும் கீறல்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆஷ், மஹாகனி போன்ற துளை பெரிய மரங்களில் ரேகையைத் தூக்கிக் காட்டும். மேப்பிளில் உட்கார இடமில்லாமல் மேலாகப் படிந்து மங்கலடிக்கும். சாயம் அப்படியல்ல, மரத்துக்குள்ளேயே இறங்கி ஒளியை உள்ளே விடும். மேப்பிளின் அலை ரேகை ஆடுவதைப் பார்க்க வேண்டுமானால் சாயம்தான்.

பூசும்போது நினைவில் வைக்க வேண்டியது: நீர்க்கக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தாராளமாகப் பூசி, உடனே மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். போதவில்லையென்றால் இன்னொரு முறை பூசலாம். அதிகமாகிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பின்பக்கத்தில் தொடங்குங்கள். முகப்புக்கு வரும்போது கை பழகியிருக்கும்.

அண்ணா, ஃபிளேம் மேப்பிள் மேல்பலகையில் புலிவரி போல ரேகை இருக்கிறது. அதை எடுப்பாகக் காட்டி, ஆழ்கடல் நீலத்தில் செய்ய ஆசை. மேலே லின்சீட் எண்ணெய் போடலாமா?

தம்பி, உன் கடிதத்தைப் படித்ததும் என் இரண்டாவது கிட்டார் நினைவுக்கு வந்தது. அதே மேப்பிள், அதே நீலம். மிச்சத் துண்டில் நீலத்தைப் பூசிப் பார்த்தேன், மனசு நிறைந்தது. மாலையில் பாடிக்குப் பூசிக் காயவைத்தேன். மறுநாள் காலை லின்சீட் எண்ணெயில் துணியைத் தோய்த்து முகப்பில் ஒரு வீச்சு இழுத்தேன். துணி போன பாதை முழுக்கப் பாசி படிந்த குளத்துப் பச்சை. இரண்டு பக்கமும் நீலம், நடுவே பச்சைப் பட்டை. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். எண்ணெய்க்கென்று ஒரு மஞ்சள் இருக்கிறது. நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. சின்ன வயதில் தெரிந்த கணக்கை அன்று போடத் தவறினேன். லின்சீட் நாளாக ஆக இன்னும் மஞ்சளாகும் என்பதால், அந்தக் கிட்டார் இன்று அன்றைவிடப் பச்சை.

நான் துண்டில் பார்த்தது பாதிச் சோதனை. சாயம் வரை பார்த்தேன், எண்ணெய் வரை பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கிட்டாரையும், அதே பலகையிலிருந்து அறுத்த துண்டில் தொடக்கம் முதல் கடைசிக் கோட் (பூச்சு) வரை முடித்துப் பார்க்காமல் நான் தொட்டதில்லை. துண்டின் முதுகில் பென்சிலால் எழுதி வைப்பேன்: எத்தனையாம் நம்பர் தாள், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு சாயத்தூள், எந்த எண்ணெய், எத்தனை கோட். இப்போது ஒரு பெட்டி நிறைய அந்தத் துண்டுகள் இருக்கின்றன. நீயும் இன்றே ஒன்றைத் தொடங்கு.

நீலம் நீலமாகவே இருக்க இரண்டு வழி. ஒன்று, நீலத்தில் சொட்டு ஊதா சேர்ப்பது. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா. எண்ணெயின் மஞ்சளை அது ஓரளவு சரிக்கட்டும். எத்தனை சொட்டு என்பதைத் துண்டுதான் சொல்லும். இன்னொன்று, எண்ணெயை விட்டுவிட்டு மஞ்சளடிக்காத தண்ணீர் லாக்கருக்குப் போவது. உனக்கு ஆழ்நீலம் அவ்வளவு முக்கியமென்றால் இரண்டாவதைத்தான் சொல்வேன். சிவப்பு, பழுப்பு, தேன் நிறங்களை எண்ணெயின் மஞ்சள் அழகாக்கும். நீலத்தோடு அது சண்டை போடும்.

புலிவரிக்கு வருவோம். முதலில் நீர்த்த கறுப்புச் சாயத்தை முகப்பு முழுக்கப் பூசு. அலையாக வளைந்து போகும் இழைகள் எங்கே மேல்நோக்கி முடிகின்றனவோ அங்கே கறுப்பு ஆழமாக இறங்கும். படுத்திருக்கும் இடத்தில் மேலோடு நிற்கும். முழுக்கக் காய்ந்ததும் 220 தாளால் தேய். மேலோடு நின்ற கறுப்பு போய்விடும், வரிகளில் மட்டும் தங்கும். பார்க்க அழுக்குப் படிந்தது போல இருக்கும், பயப்படாதே. அதன் மேல் நீலம் போட்டதும் வரிகள் எழுந்து வரும். சாயம் காய்ந்ததும் சுண்ணாம்பு போல வெளிறித் தெரிவதும் இயல்பு. ஈரமாக இருக்கும்போது பார்த்த நிறம்தான் ஏறக்குறைய கடைசியில் வருவது.

எந்த எண்ணெய் நல்லது? எத்தனை கோட்?

லின்சீட் என்பது ஆளிவிதை எண்ணெய். எதுவும் சேர்க்காத ‘ரா’ எண்ணெயாக வாங்கினால் காய்வதற்குள் பொறுமை போய்விடும். ‘பாயில்டு’ என்று எழுதியதை வாங்குங்கள். இப்போது அதை யாரும் கொதிக்க வைப்பதில்லை. சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்க்கிறார்கள். டங் எண்ணெய், டங் மரத்தின் விதையிலிருந்து வருவது. மஞ்சள் குறைவு, தண்ணீரை நன்றாகத் தாங்கும், ஆனால் கோட்டுக்குக் கோட் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்ற பெயரில் வரும் பல புட்டிகளில் இருப்பது தின்னர் கலந்த வார்னிஷ்தான், லேபிளைப் படித்து வாங்குங்கள். டேனிஷ் ஆயில், எண்ணெயும் வார்னிஷும் தின்னரும் கலந்தது. முதல்முறை செய்பவர் கைக்கு எளிது.

நான் அதிகம் பயன்படுத்துவது ட்ரூ ஆயில். துப்பாக்கிக் கட்டைகளுக்கென்று வந்தது, கிட்டார் செய்பவர்கள் சுவீகரித்துக்கொண்டார்கள். தேன் போலக் கெட்டியாக இருக்கும். பழைய பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, நாலைந்து சொட்டு விட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்து, கடைசியில் ரேகை போகும் திசையில் ஒரே இழுப்பு. துணி வழுக்கிக்கொண்டு போகும். சில நொடிகளில் லேசாகப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். அந்த இழுப்பு தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள், திரும்பத் தொடாதீர்கள். மரம் ஈரமாகத் தெரியக் கூடாது, மினுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து கோட் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். சில பாடிக்கு ஆறு போதும், துளை பெரிய மரத்துக்குப் பதினைந்தும் ஆகும்.

முதல் கோட்டில் துணியில் சாயம் கொஞ்சம் ஒட்டும். பதற வேண்டாம். முதல் மூன்று நான்கு கோட்டுக்கு உப்புத்தாளை அருகில் கொண்டுவராதீர்கள். ஓரங்களில்தான் தாள் முதலில் கடிக்கும். அங்கே சாயம் போனால் வெள்ளைக்கோடு விழும். சாயம் போடாத மரத்தில் எண்ணெயோடு 400 தாளைத் தேய்த்து, வரும் சேற்றால் துளைகளை அடைக்கும் முறை அருமையானது. சாயம் போட்ட மரத்தில் அதைச் செய்தால் சாயத்தையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடுவீர்கள்.

நெக் (கிட்டாரின் கழுத்து) பொருந்தும் குழியை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அங்கே எண்ணெய் ஏறினால் இறுக்கம் மாறும். நெக்கைப் பசையால் ஒட்டுவதாக இருந்தால் பசை பிடிக்கவே பிடிக்காது.

0000 ஸ்டீல் வூல் (மிக நைசான இரும்பு நார்) கொண்டு கடைசி மெருகு கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கம்பியின் அதிர்வை எடுக்கும் பிக்கப்பை மாட்டுவதற்கு முன்னால். பிக்கப்பில் காந்தம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுப்பது கடினம். ஓக் மரமாக இருந்தால் ஸ்டீல் வூலே வேண்டாம். துகள் துளையில் சிக்கி ஈரம் பட்டால், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுப்புப் புள்ளியாகும். நைலான் தேய்ப்பான் இரண்டுக்கும் பொருந்தும்.

எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்று என் அம்மா பயப்படுகிறார். அறையில் செய்ய விட மாட்டேன் என்கிறார். உண்மையா?

உண்மை. அம்மா சொல்வதை அப்படியே கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பவர் இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

லின்சீட், டங், டேனிஷ் ஆயில் இவையெல்லாம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டியாகின்றன. அப்போது வெப்பம் வெளிவரும். பாடியின் மேல் மெல்லிய படலமாக இருக்கும்போது அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கி எறிந்த துணியின் மடிப்புக்குள் போக வழியில்லை. சூடு சூட்டை வளர்க்கும். பிறகு புகை, பிறகு தீ. நெருப்புப்பொறியே தேவையில்லை.

1991 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆவது மாடியில் தீ இப்படித்தான் தொடங்கியது. மரவேலைக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன லின்சீட் எண்ணெய்த் துணிகள். தீயை அணைக்கப் போன வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்த 30ஆவது மாடி வரை வந்துதான் தீ நின்றது.

என் பட்டறையிலேயே ஒருமுறை, வேலை முடித்துத் துணிகளை மூலையில் குவித்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து எடுத்தபோது நடுத்துணி, இஸ்திரி போட்ட சட்டை போலச் சுட்டது. அன்றிலிருந்து என் பழக்கம்: ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக விரித்து, வெளியே தரையில், ஒன்றோடொன்று படாமல் காயப்போடுவேன். அட்டை போல விறைத்த பிறகுதான் குப்பைக்கு. வெளியே இடமில்லையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வையுங்கள். ‘இன்னும் அரை மணி நேரத்தில் அடுத்த கோட்’ என்று மேசையில் சுருட்டி வைப்பதும் வேண்டாம்.

வீட்டில் பழைய தேக்கு மேசை ஒன்று உடைந்து கிடக்கிறது. அதில் கிட்டார் செய்தால் சாயம் பிடிக்குமா?

பழைய மேசையிலிருந்து நல்ல கிட்டார் வரும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. குயீன் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, 1963இல் தம் பதினாறாவது வயதில், தந்தையோடு சேர்ந்து தம் கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். நெக்குக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட குளிர்காய் அடுப்பு மேல்தட்டின் மஹாகனி. அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். பாடியில் பழைய மேசையின் ஓக். ஏறக்குறைய இரண்டு வருட வேலை. அதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார்.

உங்கள் மேசையில் பழைய பாலிஷும் மெழுகும் ஊறியிருக்கும். மேலாகச் சுரண்டினால் போதாது. புது மரம் தெரியும்வரை இழைப்புளியால் சீவி எடுங்கள், அதற்கு முன் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் நாம் போடும் எண்ணெய் காயத் தாமதமாகும். பூசுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி, தேக்குக்குச் சாயம் எதற்கு? எண்ணெய் பட்டதும் அதன் சொந்த நிறமே எழுந்து வரும். நானாக இருந்தால் சாயம் தொட மாட்டேன்.

எண்ணெய் போட்டால் கிட்டாரின் ஒலி கூடுமா?

எலெக்ட்ரிக் கிட்டாரில் அதை எதிர்பார்க்க வேண்டாம். கம்பியின் அதிர்வைக் காந்தப்புலத்தின் வழியே பிக்கப் எடுக்கிறது. மேலே மெல்லிசாகப் போட்ட எண்ணெய்க்கு அங்கே பெரிய வேலையில்லை. எண்ணெயின் பயன் கைக்குத் தெரியும். பளபள லாக்கர் போட்ட நெக்கில் வியர்த்த கட்டைவிரல் ஒட்டி ஒட்டி நகரும். எண்ணெய் நெக்கில் மரத்தைத் தொட்ட மாதிரியே இருக்கும். மியூசிக் மேன் என்ற கிட்டார் நிறுவனம் தன் நெக்குகளுக்குத் துப்பாக்கிக் கட்டை எண்ணெயும் மெழுகும் போடுவது இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

சாயம் வெளுக்குமா?

வெளுக்கும், அதிலும் சிவப்பு. 1958 முதல் 1960 வரை வந்த கிப்சன் லெஸ் பால் சன்பர்ஸ்ட் (நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு) கிட்டார்கள் பலவற்றில் ஓரத்துச் சிவப்பு வெயிலில் கரைந்து, தேன் மஞ்சளாகிவிட்டது. இன்று அதையே தேடிப் பெரும்பணம் கொடுக்கிறார்கள். உங்கள் சிவப்பு சிவப்பாகவே இருக்க வேண்டுமானால் ஜன்னலோரச் சுவரில் மாட்டாதீர்கள்.

எண்ணெய் போட்டு இரண்டு வாரமாகியும் கை வைத்தால் பிசுபிசுக்கிறது. மேலே இன்னொரு கோட் போட்டால் சரியாகுமா?

ஆகாது. கெட்டியாகப் போட்டுத் துடைக்காமல் விட்டிருக்கிறீர்கள். மேலே தோல் கட்டி, உள்ளே காற்றுப் போகாமல் நிற்கிறது. மினரல் டர்பென்டைனில் நனைத்த முரட்டுத்துணியால் பிசின் முழுவதையும் துடைத்து எடுங்கள். தண்ணீர்ச் சாயம் அதில் கரையாது, நிறத்துக்குப் பயமில்லை. காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டு, பிறகு மெல்லிய கோட்டில் தொடங்குங்கள்.

கடைசிக் கோட் போட்டு மூன்று நாள் ஆயிற்று. எப்போது கம்பி மாட்டி வாசிக்கலாம்? காத்திருக்க முடியவில்லை அண்ணா.

தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம், கெட்டியானதற்கு அல்ல. இப்போது கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை முடுக்கினால் அதன் விளிம்பு எண்ணெயில் பதிந்துவிடும். ட்ரூ ஆயில் என்றால் இரண்டு வாரம், சுத்த டங் என்றால் மாதம் விடுவது என் வழக்கம். நாள் கணக்கைவிட மூக்கை நம்பலாம். பாடியைத் திருப்பி, பின்பக்கத்தில் மூக்கை வைத்துப் பார். எண்ணெய் வாசனை வந்தால் இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மரத்தின் வாசனை மட்டும் வந்தால் திருகுகளின் மரையில் கொஞ்சம் மெழுகு தடவி, பிரிட்ஜைப் பொருத்தத் தொடங்கு. ஒரு வருடம் வாசித்த பின் முழங்கை படும் இடம் மங்கும். அங்கே துடைத்துவிட்டு ஒரு கோட் போட்டால் போதும். சுரண்டவும் வேண்டாம், முழுக்கத் திரும்பச் செய்யவும் வேண்டாம்.